இரண்டு முறை மணம் முடித்தவர்கள்

ஜூலை மாதம்தானே என்று பருத்தி உடைகளை மட்டும் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனோம். சான் பிரான்சிஸ்கோவில் கோடையில்தான் பசிபிக் கடலிலிருந்து மூடுபனி ஏறி வரும் என்பது அங்கே போய் நடுங்கியபோதுதான் தெரிந்தது. கோல்டன் கேட் பாலத்தின் மேல் நடந்தபோது கோபுரங்களின் உச்சி கண்ணில் படவே இல்லை. என் மனைவி துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "பாதிப் பாலமே இவ்வளவு அழகு!" என்றாள்.

ஊர் முழுக்க மேடும் பள்ளமும். அவளுக்கு முழங்கால் வலி. அதனால் பவல் தெருவில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்று கேபிள் கார் ஏறினோம். 1873-ல் தொடங்கிய சேவை. வண்டியில் எஞ்சின் கிடையாது. தெருவுக்கு அடியில் மணிக்கு ஒன்பதரை மைல் வேகத்தில் இரும்பு வடம் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓட்டுநர் நெம்புகோலை இழுத்து அந்த வடத்தைக் கவ்வினால் வண்டி மேடேறுகிறது. எட்டு வளைவுகள் கொண்ட லம்பார்ட் தெருவையும் பார்த்தோம். கூட்டம் அதிகம், பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டோம்.

நான் எழுத வந்தது மறுநாள் நடந்ததைப் பற்றி. நகராட்சித் தலைமையகமான சிட்டி ஹாலுக்கு, அதன் குவிமாடத்தைப் பார்க்கத்தான் போனோம். உள்ளே அகன்ற பளிங்குப் படிக்கட்டு. வேலை நாட்களில் அங்கே திருமணங்கள் நடக்கின்றன. படியோரம் எழுபதைத் தாண்டிய இரண்டு பெண்மணிகள் கைகோத்து அமர்ந்திருந்தார்கள். எங்களைப் படம் எடுத்துத் தர முன்வந்தார்கள். "திருமணமாகி எத்தனை வருடம்?" என்று கேட்டார்கள். இருபத்தெட்டு என்றேன். "நாங்கள் இரண்டு முறை மணம் செய்துகொண்டோம், ஒருவரை ஒருவரே" என்றார் உயரமானவர்.

2004 பிப்ரவரியில் இந்த நகரம் ஒருபாலினத்தவருக்குத் திருமண உரிமம் வழங்கத் தொடங்கியபோது, மழையில் வரிசையில் நின்று மணம் முடித்திருக்கிறார்கள். முகம் தெரியாத யாரோ வெளியூரிலிருந்து அனுப்பிய பூங்கொத்து அவர்கள் கையில் தரப்பட்டதாம். ஆகஸ்டில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அந்தத் திருமணங்கள் செல்லாது என்றது. ஏறக்குறைய நாலாயிரம் திருமணங்கள். 2008 ஜூனில் சட்டம் வழிவிட்டதும் மீண்டும் இதே படியில் வந்து நின்றிருக்கிறார்கள்.

"செல்லாது என்று தெரிந்த அன்று என்ன செய்தீர்கள்?" என்று என் மனைவி கேட்டாள். எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர்களோ யோசித்துப் பதில் சொன்னார்கள். "அன்றும் இவள்தான் சமைத்தாள். சுவரில் இருந்த கல்யாணப் படத்தை நாங்கள் கழற்றவில்லை."

என் மனைவி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கள் வழக்கத்தில் மூத்த தம்பதியிடம் ஆசி வாங்குவோம்" என்று சொல்லிவிட்டு, வலிக்கும் அதே முழங்காலை மடக்கி அந்தப் பளிங்குத் தரையில் வணங்கினாள். அவர்கள் பதறி எழுந்தார்கள். நான் விளக்கிச் சொன்னதும் இருவரும் சேர்ந்து அவள் தலையில் கை வைத்தார்கள். நானும் வணங்கினேன். தம்பதி என்ற சொல்லை அவள் எந்தத் தயக்கமும் இல்லாமல் சொன்னாளே, அதை நினைத்தால் இன்னும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

* * *

மேலே உள்ள கட்டுரையைப் படித்த வாசகி எழுதுகிறேன். நாங்களும் அதே சிட்டி ஹாலுக்குப் போயிருந்தோம். எதிரே ஹெர்ப்ஸ்ட் அரங்கம் இருக்கும் கட்டடத்தைத் தவறவிடாதீர்கள். 1945 ஜூன் 26 அன்று ஐ.நா. சாசனம் கையெழுத்தானது அங்கேதான். இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டவர்களில் நம் ஆற்காடு ராமசாமி முதலியார் ஒருவர். வாசலில் இருந்த முதிய காவலரிடம் என் கணவர் இதைச் சொன்னார். அவர் அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லி, சட்டைப்பையிலிருந்த குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். "அடுத்து வருகிறவர்களிடம் சொல்வேன்" என்றார். நீங்கள் போனால் அவரிடம் கேட்டுப் பாருங்கள்.