தோல் புற்றுநோயை நன்றாகப் பார்க்கும் டாக்டர் மதுரையில் யார்?

அனைவருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வலது குதிகாலில் ஒரு கருப்புத் தழும்பு. மேலூர் பக்கம் வயல் வேலை, செருப்பு போடாத கால் என்பதால் முள் குத்திய இடம் என்றே எல்லோரும் நினைத்தோம். இப்போது ஓரம் மை கசிந்தது மாதிரி பரவியிருக்கிறது. நடுவில் கருப்பு, சுற்றிலும் பழுப்பு, வலியே இல்லை. பக்கத்து கிளினிக்கில் ஆயின்மென்ட் கொடுத்தார்கள், குறையவில்லை.

வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில் வரும் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் நம் நிறத்தவர்களுக்கும் வரும் என்று தெரிந்ததிலிருந்து மனசு அடித்துக்கொள்கிறது. தடிமன் 1 மில்லிமீட்டருக்குள் இருக்கும்போதே பிடித்துவிட்டால், சுற்றிலும் 1 சென்டிமீட்டர் விட்டு வெட்டி எடுப்பதே பெரும்பாலும் போதுமாம். அதனால்தான் அவசரப்படுகிறேன்.

டெர்மாஸ்கோப் (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) வைத்துப் பார்த்து பயாப்ஸி (சிறு தோல் துண்டை எடுத்துச் சோதிப்பது) எடுக்கும் தோல் டாக்டர் யாரையாவது தெரியுமா? பெரியாஸ்பத்திரி தோல் பிரிவில் காட்டியவர்கள் இருந்தால், எத்தனை மணிக்குப் போனால் நல்லது, ரிசல்ட் வர எவ்வளவு நாளாகும் என்று சொல்லுங்கள். பயாப்ஸியில் ஏதாவது வந்தால் புற்றுநோய் அறுவை சிகிச்சை நிபுணரையும் பார்க்கணும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, அதை ஏற்கும் இடமாக இருந்தால் பெரிய உதவி.

அப்புறம், கல்லுப்பு வைத்துக் கட்டு, சுட்டு எடுத்துவிடு போன்ற வைத்தியம் மட்டும் தயவுசெய்து வேண்டாம். நேரில் போய்ப் பார்த்தவர்கள் சொன்னால் போதும்.