மறு: அயனி வாய்க்காலா, அயனி மதகா?

ஐயா, வணக்கம்.

சோடியம், பொட்டாசியம் போன்ற அயனிகளை (மின்னூட்டம் உள்ள துகள்களை) செல்லுக்குள்ளும் வெளியிலும் விடும் புரதத்துக்கு, அதாவது ion channel-க்கு, நம் அகராதியில் 'அயனி வாய்க்கால்' போதும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒப்பவில்லை. எங்கள் காவேரிப்பாக்கம் பக்கம் வாய்க்கால் என்றால் தண்ணீர் ஓடும் வழி, அவ்வளவுதான். செல் சவ்வில் இருக்கும் இந்தப் புரதமோ திறந்து மூடுகிறது. ஏரிக்கரையில் அந்த வேலை மதகுடையது. ஆகவே 'அயனி மதகு'. மதகு மீனையும் பாசியையும் சேர்த்தே விடும், இந்தப் புரதமோ எந்த அயனி என்று ஆள் பார்த்து விடும். அந்தக் குறை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். மதகுக்கு 'தூம்பு' என்பது கல்வெட்டுச் சொல், அழகுதான். ஆனால் இன்று ஊரில் யார் சொல்கிறார்கள்?

சிக்கல் சிறுநீரகத்தில் வருகிறது. அம்மாவுக்குக் கால் வீங்கி, வேலூரில் நீர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். (நாம் 'சிறுநீர்ப்பெருக்கி' என்று அகராதியில் போட்டாலும் மருந்துக்கடையில் அது நீர் மாத்திரைதான்.) ஃபுரோசிமைடு. அது அடைப்பது மதகை அல்ல. சிறுநீரக நுண்குழல் கொண்டை ஊசி போல வளையும் இடம் ஹென்லே வளைவு; அதன் தடித்த ஏறுபகுதியில் ஒரு சோடியம், ஒரு பொட்டாசியம், இரண்டு குளோரைடு என நான்கும் ஏறினால்தான் நகரும் புரதம் ஒன்று இருக்கிறது. பழைய பஸ் ஸ்டாண்ட் ஷேர் ஆட்டோ மாதிரி, சீட்டு நிரம்பாமல் கிளம்பாது. ஃபுரோசிமைடு அதைத்தான் முடக்குகிறது. இந்தப் புரதத்தை (cotransporter) 'கூட்டுக்கடத்தி' என்றால் பள்ளிப் பிள்ளைக்குச் செம்புக் கம்பி நினைவுக்கு வரும். 'கூட்டேற்றி' எனலாமா? தயாசைடு என்ற வேறு வகை நீர் மாத்திரை முடக்குவதும் ஒரு கூட்டேற்றியைத்தான். அதில் ஏறுவது சோடியமும் குளோரைடும் மட்டும்.

நிஜமான மதகை அடைப்பது அமிலோரைடு என்ற இன்னொரு நீர் மாத்திரை. நுண்குழலின் கடைமடையில், சேகரிப்புக் குழலில், சோடியம் மதகின் வாயிலேயே போய்ச் செருகிக்கொள்கிறது. கடைமடை என்று சும்மா சொல்லவில்லை. மேலே ஃபுரோசிமைடால் ஏறமுடியாமல் போன சோடியம் கீழே வந்து குவியும். அங்கே அது மதகு வழியே செல்லுக்குள் போகப் போக, பொட்டாசியம் வேறொரு மதகு வழியே சிறுநீரில் இறங்கிவிடும். அம்மாவுக்கு ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் குறைந்திருந்தது. சோடியம் மதகை அடைத்தால் பொட்டாசியம் தங்கும். இரண்டு மாத்திரையையும் சேர்த்துக் கொடுப்பது இதனால்தான். கூட்டேற்றிக்கும் மதகுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வேன்?

சரி, அமிலோரைடு 'மதகடைப்பான்'. ஸ்பைரனோலாக்டோன் என்ற நீர் மாத்திரையை என்ன செய்வது? அது மதகைத் தொடுவதே இல்லை. மதகுகளைப் பெருக்கச் சொல்லும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனின் பேச்சு செல்லுக்குள் எடுபடாமல் செய்கிறது. அதற்கு எனக்கு இன்னும் சொல் சிக்கவில்லை. உங்களுக்குத் தோன்றினால் எழுதுங்கள்.