ஊர்ப் படிப்பகத்துக்கு 20,000 ரூபாயில் என்ன புத்தகம் வாங்கலாம்?

பொதிகைச்சாரல் கேட்டது:

வணக்கம். தென்காசிப் பக்கம் சின்ன ஊர் எங்களுடையது. முன்பு ரேஷன் கடை இருந்த அறையைப் பஞ்சாயத்தில் கேட்டு வாங்கி, வெள்ளையடித்துப் படிப்பகம் ஆக்கியிருக்கிறோம். இப்போதைக்கு இரண்டு நாளிதழ் மட்டும் வருகிறது. வளைகுடாவில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் சேர்ந்து 20,000 ரூபாய் அனுப்பி, இதில் புத்தகம் மட்டும்தான் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

யார் யார் வருவார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். சாயங்காலம் பள்ளி விட்டதும் சின்னப் பிள்ளைகள் கண்டிப்பாக வரும். பத்தாவது, பிளஸ் டூ பையன்கள் கைப்பேசியோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை உள்ளே கொண்டுவர ஆசை. பக்கத்துத் தெருவில் பீடி சுற்றும் அக்காமார்கள் நிறைய. அதில் பாதி முஸ்லிம் குடும்பங்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், கேரளத்துக்கு லோடு அடிக்கும் டிரைவர் அண்ணன் ஒருவர், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நாலைந்து பேர்.

இணையத்தில் கிடைக்கிற 'வாசிக்க வேண்டிய 100 நூல்கள்' பட்டியல்களையெல்லாம் பார்த்தேன். திரும்பத் திரும்ப அதே பெயர்கள்தான். எது யாருக்கு என்று ஒருவரும் எழுதவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வந்தியத்தேவன்குதிரை:

முதலில் பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் வாங்கிப் போடுங்கள், தம்பி. தமிழ் தெரிந்த யாரும் கீழே வைக்க மாட்டார்கள். திருக்குறளுக்கு நல்ல உரை ஒன்று, பாரதியார் கவிதைகள், அப்துல் கலாமின் அக்கினிச் சிறகுகள். இவை இல்லாமல் படிப்பகம் என்று சொல்லவே முடியாது.

கரிசல் வாசகி:

தம்பி, நான் கோவில்பட்டிப் பக்கம் கிளை நூலகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்தது, புத்தகத்தின் பெயரைக் கேட்காமல் வரப்போகிற ஆட்களைச் சொன்னதுதான். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். வேலையில் இருந்த காலம் முழுக்க நான் பிடித்துக்கொண்டிருந்தது இந்த இரண்டையும்தான்.

மேலே ஐயா பொன்னியின் செல்வனைச் சொல்லியிருக்கிறார். அருமையான நூல், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் நூலகத்தில் அந்த முதல் பாகத்தை எடுத்துப் பக்கவாட்டில் பார்த்தால் ஒன்று தெரியும். முதல் முப்பது நாற்பது பக்கம் விரல் பட்டு அழுக்கேறியிருக்கும். அதற்கப்புறம் தாள் வெள்ளையாக இருக்கும். ஐந்தாம் பாகம் புதிதுபோலவே இருக்கும். படிக்கும் பழக்கம் உள்ளவர்கள் ஐந்தையும் முடித்துவிட்டு இன்னொரு முறை எடுப்பார்கள். பழக்கம் இல்லாதவர் ஐந்து பாகத்தை ஒன்றாகப் பார்த்ததும் தயங்கி நின்றுவிடுவார். அவருக்குப் பார்த்திபன் கனவு கொடுங்கள். அதே கல்கி, அதே விறுவிறுப்பு, ஒரே புத்தகத்தில் முடிந்துவிடும். அதை முடித்துவிட்டு வந்து 'இதுபோல வேறு என்ன இருக்கு' என்று கேட்கும்போது ஐந்து பாகத்தையும் கையில் கொடுக்கலாம்.

கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் பல பதிப்பகங்கள் போடுகின்றன. விலை குறைவு என்று எடுத்துவிடாதீர்கள். கடையில் நின்று உள்ளே பிரித்துப் பாருங்கள். எழுத்து கடுகுபோல இருந்தால் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவரும் தொட மாட்டார்கள். சுருக்கப் பதிப்பா முழுப் பதிப்பா என்றும் பார்க்க வேண்டும்.

இனி உங்கள் ஆட்களுக்கு வருகிறேன். பீடி சுற்றும் அக்காமார்களுக்குக் கை ஓயாது, காது சும்மாதான் இருக்கும். அவர்களிடம் புத்தகத்தை நீட்டாமல் ஒருவர் உட்கார்ந்து வாசித்துக் காட்ட ஏற்பாடு செய்யுங்கள். எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பெண்பிள்ளை ஒன்று கிடைத்தால் போதும். வாசிக்கக் கேட்பதற்குக் கி. ராஜநாராயணனுக்கு மிஞ்சி ஆள் இல்லை. அவர் எழுத்தே வாய்ப்பேச்சுதான். தீர்வை கட்டவில்லை என்று வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிற 'கதவு' கதை கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். முடிந்த பிறகு அவர்கள் பேசுவது நிற்காது. அவர் தொகுத்த நாட்டுப்புறக் கதைக் களஞ்சியத்தை ஒன்று வாங்கிப் போட்டால் வருஷம் முழுக்க வரும். அதில் பெரியவர்களுக்கு மட்டுமான கதைகளும் உண்டு. வாசிக்கிற பிள்ளையிடம் கொடுப்பதற்கு முன் நீங்கள் தேர்ந்து குறித்துக் கொடுங்கள்.

அடுத்து அசோகமித்திரனின் தண்ணீர். மெல்லிய நாவல். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம், குடத்தைத் தூக்கிக்கொண்டு பெண்கள் அலைகிற அலைச்சல், அக்காள் தங்கை இரண்டு பேர். குழாயடியில் நின்ற எந்தப் பெண்ணுக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. முஸ்லிம் குடும்பங்கள் இருக்கிறார்கள் என்றீர்கள். தோப்பில் முஹம்மது மீரானின் ஒரு கடலோர கிராமத்தின் கதை கட்டாயம் வேண்டும். குமரிக் கடற்கரை ஊர்ப் பேச்சு, பள்ளிவாசல், ஊரை ஆட்டிவைக்கிற பெரிய வீட்டு முதலாளி. தங்கள் வீட்டுப் பேச்சும் தொழுகையும் நோன்பும் அச்சில் வந்திருப்பதை ஒருவர் முதல்முறையாகப் பார்க்கும்போது முகத்தில் வருகிற மலர்ச்சியை நான் பார்த்திருக்கிறேன். அதற்காகவே இந்த வேலையில் இருந்தேன் என்றுகூடச் சொல்வேன்.

தமிழாசிரியர் ஐயாவுக்கு உ. வே. சாமிநாதையரின் என் சரித்திரம். தடித்த புத்தகம்தான், பயப்பட வேண்டாம். ஆனந்த விகடனில் வாரா வாரம் வந்தது, அதனால் அத்தியாயங்கள் சின்னவை. தினம் இரண்டு படித்தாலே நிறைவாக இருக்கும். ஒருவேளை அவர் ஏற்கெனவே படித்திருப்பார். அப்படியானால் அவரையே ஓர் அத்தியாயம் எடுத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லுங்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கப் போகிற பகுதி நல்ல இடம்.

டிரைவர் அண்ணனுக்குச் சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய நடந்தாய் வாழி காவேரி. ஆற்றங்கரை வழியே போன பயணம். எங்கே நிறுத்தினார்கள், யாரைப் பார்த்தார்கள் என்று வழி நெடுகப் பேசிக்கொண்டே போகும். சாலையில் வாழ்கிறவருக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன். பிடிக்கவில்லை என்றால் பாதியில் வைத்துவிடலாம் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். எடுத்த புத்தகத்தை முடித்தே ஆக வேண்டும் என்ற பயத்தில் அடுத்த புத்தகம் எடுக்க வராமலே போனவர்கள் நிறைய.

திண்ணைப் பையன்கள்தான் பெரிய வேலை. அசுரன் படம் பார்த்திருப்பார்கள். அது பூமணியின் வெக்கை நாவலிலிருந்து எடுத்தது. படம் அப்பாவைச் சுற்றி நடக்கும். நாவலோ அந்தப் பதினைந்து வயதுப் பையன் கூடவே போகும். 'படத்தில் இல்லாதது இதில் இருக்கு' என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். கைப்பேசி, செயற்கை நுண்ணறிவு என்று பேசுகிற பையனுக்குச் சுஜாதாவின் என் இனிய இயந்திரா. 1980களில் எழுதியது, கதை நடப்பதோ 2021ஐ ஒட்டி. அந்த வருஷம் கடந்தே போய்விட்டது. எழுதினவர் சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பையன்களே வாதாடிக்கொள்வார்கள். பறவை, காடு என்று அலைகிற பிள்ளை ஒன்று எந்த ஊரிலும் இருக்கும். அதற்கு மா. கிருஷ்ணனின் மழைக்காலமும் குயிலோசையும். சின்னச் சின்னக் கட்டுரைகள், நடுவில் எங்கே பிரித்தும் படிக்கலாம்.

தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான பள்ளிப் பாடநூல்கள் ஒரு தொகுதி போதும். பழைய புத்தகங்களாகவே ஊருக்குள் கிடைக்கும். இந்த 20,000இல் கை வைக்காதீர்கள்.

சின்னப் பிள்ளைகளைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்கிறவர்கள் இங்கே இருப்பார்கள்.

ஒன்றாம்வகுப்பு டீச்சர்:

அம்மா விட்ட இடத்தில் நான் தொடர்கிறேன். தம்பி, ஐந்து ஆறு வயதுக்குப் பாதிப் பக்கம் படமும் இரண்டு வரி எழுத்தும் உள்ள நூல்கள் வேண்டும். நீதிக்கதைக் கொத்து என்று பளபளவென்று விற்கும் குண்டுப் புத்தகங்களை வாங்க வேண்டாம். துளிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த படநூல்கள் போடுகிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். நான்கு படிநிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள், இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம். வயதைப் பார்த்துப் படிநிலை கொடுக்காதீர்கள். என் வகுப்பில் எட்டு வயதுப் பிள்ளை முதல் படியில் இருக்கும், ஆறு வயதுப் பிள்ளை மூன்றாம் படியை எட்டிவிடும். பிள்ளையே எடுக்கட்டும். கைக்கு எட்டும் உயரத்தில், முதுகு தெரியாமல் அட்டை தெரியும்படி வையுங்கள்.

எட்டு வயதுக்கு மேல் டோட்டோ-சான். ஜப்பானில் ஓடாத ரயில் பெட்டிகளை வகுப்பறையாக வைத்திருந்த பள்ளியில் படித்த பெண்ணின் நினைவுகள். நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் போட்டிருக்கிறது, விலையும் அதிகமில்லை. தினம் ஓர் அத்தியாயம் வாசித்துக் காட்டினால் மறுநாள் யாரும் தாமதமாக வர மாட்டார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் மாத இதழுக்குச் சந்தா கட்டிவிடுங்கள்.

யெஸ். பாலபாரதியின் மரப்பாச்சி சொன்ன ரகசியம் நூலும் வேண்டும். தவறாகத் தொடுகிறவர்களைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசும் கதை. 2020இல் சாகித்திய அகாதெமியின் பாலசாகித்திய புரஸ்கார் பெற்றது. முதலில் அம்மாமார்கள் படித்துவிட்டுப் பிறகு பிள்ளைகளோடு சேர்ந்து படிப்பது நல்லது.

சிவகாசிமாயாவி:

பையன்களுக்கு யாரும் காமிக்ஸ் சொல்லவில்லையே. எங்கள் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972 முதல், லயன் காமிக்ஸ் 1984 முதல் வருகின்றன. நான் எழுத்துக்கூட்டிப் படித்தது இரும்புக்கை மாயாவியில்தான். என் அப்பாவும் அப்படித்தான். விலை கூடுதல் என்பது உண்மை. ஆனால் ஊரில் யார் வீட்டுப் பரணிலாவது பழையது கிடக்கும், கேட்டுப் பாருங்கள்.

வந்தியத்தேவன்குதிரை:

காமிக்ஸ் சரி. வெக்கை கொலையில் தொடங்கும் கதை. பள்ளிப் பிள்ளைகள் வரும் இடத்தில் வைக்கலாமா? ஊரில் ஏற்கெனவே சாதிச் சண்டை என்றால் ஓர் அரிவாளுக்கு ஒன்பது வரும்.

கரிசல் வாசகி:

நியாயமான கவலை, ஐயா. எங்கள் பக்கமும் அந்த மண்தான். பத்தாம் வகுப்புக்குக் கீழே நானும் கொடுக்க மாட்டேன். ஆனால் அந்த நாவலில் கொலைக்குப் பிறகுதான் விஷயமே இருக்கிறது. அப்பாவும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து, கிடைத்ததைப் பொங்கித் தின்று, ஆள் அரவம் கேட்டால் நடுங்கி, வீட்டு நினைப்பிலேயே அலைகிறார்கள். வெட்டியதில் பெருமை பேசுகிற நூல் இல்லை அது. படத்தில் சண்டைக்குக் கைதட்டிய பையன் இதைப் படித்தால் அந்த ராத்திரிகளின் பசியைத்தான் சொல்வான். படித்தபின் தமிழாசிரியர் ஐயா கூட உட்கார்ந்து பேசினால் இன்னும் நல்லது. பூட்டி வைக்க மட்டும் வேண்டாம்.

பொதிகைச்சாரல்:

எல்லோருக்கும் நன்றி. இன்று சாயங்காலம் 'கதவு' கதையை இணையத்தில் தேடி எடுத்து அக்காமார்கள் தெருவில் என் தங்கை வாசித்தாள். அந்தப் பிள்ளைகள் வீட்டு நிலைமைதானே நமக்கும் என்று ஒரு பெரியம்மா பேச ஆரம்பித்து, இருட்டும் வரை பேச்சு ஓடியது. நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா, இன்னொரு சந்தேகம். நீங்கள் எல்லோரும் சொன்னதைக் கூட்டிப் பார்த்தால் பாதிப் பணத்துக்குள் அடங்கிவிடும்போல. மீதிக்கு என்ன வாங்குவது? வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாமா, அங்கேயே படிக்க வைப்பதா?

கரிசல் வாசகி:

வீட்டுக்குக் கொடுங்கள், தம்பி. இரண்டொரு புத்தகம் திரும்பாமல் போகும், போகட்டும். ஒரு கோடு போட்ட நோட்டில் பெயர், புத்தகம், தேதி மட்டும் எழுதினால் போதும். முன்பணம் கேட்காதீர்கள், கேட்டால் அக்காமார்கள் வர மாட்டார்கள்.

மீதிப் பணத்தை இப்போது தொடாதீர்கள். நோட்டில் கடைசிப் பக்கத்தில் 'எனக்கு இன்னது வேண்டும்' என்று யார் வேண்டுமானாலும் எழுதும்படி விடுங்கள். எழுதத் தெரியாதவர் சொன்னால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். சமையல், கோலம், ஆடு வளர்ப்பு, ஹதீஸ், ஜாதகம் என்று எது வந்தாலும் அடித்து நீக்காதீர்கள். மாவட்டப் புத்தகத் திருவிழா வரும்போது அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு போங்கள். வழக்கமாக 10 சதவீதம் கழிவு கிடைக்கும். போகும்போது அந்தப் பெரியம்மாவையும் பையன்களில் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய், அவர்கள் கையாலேயே எடுக்க விடுங்கள்.