ஐஸ் ஸ்கேட்டிங் ஷோ பார்க்கப் போறவங்களுக்கு: சீட்டு, குளிர், ஜம்ப், பூட்ஸ்

வேலூர்ப் பக்கத்து நாலு ஊர்க்காரங்க ஆளுக்கொரு விஷயம் சொல்றாங்க.

காட்பாடி:
வேலூர்ப் பக்கத்துல இருந்து சிங்கப்பூர்ல இருக்கிற பிள்ளைங்க வீட்டுக்குப் போறவங்க நிறைய பேர் இந்த ஷோவைப் பத்திக் கேக்கறாங்க. பணம் கட்டறதுக்கு முன்னாடி சீட் மேப்பைத் திறந்து, திரை எந்த முனையில இருக்குதுன்னு பாருங்க. ஸ்கேட்டருங்க உள்ள வர்றதும் போறதும் அந்தத் திரை வழியாத்தான். அதுக்குப் பக்கத்து மூலையில உட்கார்ந்தா பாதி நேரம் முதுகுதான் தெரியும், செட்டும் மறைக்கும். நீளவாக்குப் பக்கத்துல நடுவுல, 10லிருந்து 15ஆவது வரிசைக்குள்ள கிடைச்சா அதுதான் நல்ல இடம். இருபது பேர் சேர்ந்து சக்கரம் மாதிரி சுத்தறப்போ அந்த வடிவம் மேல இருந்து பார்த்தாத்தான் புரியும்.

சிங்கப்பூர் இன்டோர் ஸ்டேடியம்னா சர்க்கிள் லைன்ல ஸ்டேடியம் ஸ்டேஷன்லயே இறங்கிக்கலாம். பை சோதனை உண்டு. வெளிச் சாப்பாட்டைப் பெரும்பாலும் உள்ள விட மாட்டாங்க, புளிசாதப் பொட்டலத்தை வீட்டுலயே வச்சுட்டுப் போங்க.

குளிரை லேசா நினைக்காதீங்க. ஐஸ் மைனஸ் 3, மைனஸ் 4 டிகிரியில இருக்கும். கீழ் வரிசையில அந்தக் குளிர் காலைத்தான் முதல்ல பிடிக்கும். 40 டிகிரி வெயில்ல பழகின நம்ம உடம்புக்கு ஏலகிரி ஸ்வெட்டர் மட்டும் போதாது. மூடின ஷூ, தடிச்ச சாக்ஸ் வேணும். வயசானவங்களுக்கு முழங்கால்ல போட ஒரு சால்வை எடுத்துக்கங்க.

ராணிப்பேட்டை:
சீட்டு விஷயத்துல காட்பாடி அண்ணன் சொன்னது குழு நடனத்துக்குச் சரி. தனியா ஆடறதைப் பார்க்கணும்னா கீழ் வரிசைக்கு ஈடே இல்லைங்கண்ணா. பிளேடு ஐஸை அறுக்கிற சத்தம் அங்கதான் கேக்கும். ஜம்ப் போட்டுச் சுத்தமா இறங்கினா ‘சர்ர்’னு ஒரே இழுப்பா வரும். கரகரன்னு உரசினா சுற்று முழுசா முடியறதுக்குள்ள இறங்கிட்டாங்கன்னு சந்தேகப்படலாம்.

எந்த ஜம்ப்புன்னு அடையாளம் பிடிக்க, எம்பி ஏறுற காலைப் பாருங்க. இறங்குறது எல்லாத்துலயும் பின்னோக்கித்தான். முன்னால பார்த்தபடி ஏறினா அது ஆக்ஸல். அதனால அதுக்கு மட்டும் அரைச்சுற்று கூடுதல், சிங்கிள் ஆக்ஸலே ஒண்ணரைச் சுற்று. 1882ல நார்வேக்காரர் ஆக்ஸல் பால்சன் போட்டுக் காட்டினது. நாலரைச் சுற்று ஆக்ஸலைப் போட்டியில முதன்முதலா முடிச்சவர் அமெரிக்க ஸ்கேட்டர் இலியா மலினின், 2022ல.

ஜம்ப்புங்கள்ல லட்ஸ்ங்கறதுதான் பார்க்கப் பார்க்க ருசி. இடது கால் பிளேடோட வெளி விளிம்புல சாய்ஞ்சு, பின்னோக்கி நீளமா மூலைக்கு வருவாங்க. வலது காலைப் பின்னால நீட்டி டோ பிக்கை (பிளேடு முனையில இருக்கிற பல்லை) ஐஸ்ல குத்தி, வந்த வளைவுக்கு எதிர்ப்பக்கம் சுத்துவாங்க. கஷ்டமே அங்கதான் இருக்குது. குத்தறதுக்கு முன்னாடி, அந்தக் கடைசி நொடியில இடது கணுக்காலைப் பாருங்க. அது உள்பக்கம் சாய்ஞ்சுட்டா, லட்ஸ் இல்லாம உள் விளிம்புல ஏறுற ஃபிளிப்ங்கற வேற ஜம்ப்பா மாறிடுச்சுன்னு அர்த்தம். (இடப்பக்கமா சுத்தறவங்களுக்குச் சொன்னேன், வலப்பக்கமா சுத்தறவங்களுக்குக் கால் மாறும்.)

போட்டியில பார்த்த நாலு சுற்று ஜம்ப் ஷோவுல இல்லையேன்னு குறை சொல்றவங்க விளக்கை யோசிக்கணும். சுத்தியும் இருட்டு, ஸ்பாட்லைட் கண்ணுல அடிக்கும், தரை எவ்வளவு தூரம்னு கணக்குத் தப்பும். ஒலிம்பிக் அளவு ஐஸ் 60க்கு 30 மீட்டர். டூர் ஷோவுல பல இடத்துல அதைவிடச் சின்னது, வேகம் எடுக்கவே இடம் பத்தாது. சனி ஞாயிறுன்னா ஒரே நாள்ல ரெண்டு மூணு காட்சி வேற ஆடணும்.

ஆம்பூர்:
நம்ம பக்கம் ஷூ கம்பெனியில வேலை செய்யறவங்க பூட்ஸைக் கவனிச்சுப் பாருங்க. தோலை அடுக்கடுக்கா ஒட்டி, கணுக்கால் பக்கம் மடங்காதபடி கெட்டியாத் தைச்சிருப்பாங்க. ஹீல் உயரம். பிளேடைச் சோல்ல ஸ்க்ரூ போட்டுப் பூட்டியிருக்கும். பிளேடு சுமார் 4 மில்லிமீட்டர் கனம், அடிப்பக்கம் வாய்க்கால் மாதிரி குழிஞ்சு ரெண்டு விளிம்பு இருக்கும். வெளி விளிம்பு, உள் விளிம்புன்னு அவங்க சொல்றது இதைத்தான்.

கெட்டுப் போறதும் தோல்லதான். உருகின ஐஸ் தண்ணி சோல்ல ஊறி ஊறி ஸ்க்ரூ ஓட்டையைச் சுத்தி மெத்துன்னு ஆயிடும், ஸ்க்ரூ பிடிமானம் விட்டுடும். அதனாலதான் ஆடி முடிச்சதும் பிளேடையும் சோலையும் துணியால துடைச்சுட்டு மத்த வேலை பார்ப்பாங்க. லேஸ் அறுந்தாலும் ஆட்டத்தை நிறுத்த வேண்டியதுதான். 1994 லில்லஹாமர் ஒலிம்பிக்ல அமெரிக்க ஸ்கேட்டர் டோன்யா ஹார்டிங் காலைத் தூக்கி நடுவர்கள்கிட்ட லேஸைக் காட்டி, மறுபடி ஆட அனுமதி வாங்கினாங்க. ஷோவுல யாராவது நடுவுல திரைக்குள்ள போனா உடனே காயம்னு பதறாதீங்க, பூட்ஸ் பிரச்சினையாவும் இருக்கலாம்.

இடைவேளையில வெளிய ஓடிடாம அஞ்சு நிமிஷம் உட்காருங்க. டோ பிக் குத்தின குழிகளைச் சொதசொதன்னு நனைஞ்ச ஐஸ் தூளால அடைப்பாங்க. அப்புறம் வண்டி வந்து மேல்பரப்பைச் சீவிட்டு, சுடுதண்ணி விட்டுக்கிட்டே போகும். சுடுதண்ணி மேல் ஐஸைக் கொஞ்சம் உருக்கி அதோடயே ஒட்டி உறையும், அதனால பரப்பு கண்ணாடி மாதிரி வரும்.

குடியாத்தம்:
போன்ல ஃபிளாஷ் போடவே கூடாது. சுத்தறவங்க கண்ணுல அடிச்சா தடுமாறி விழலாம். படம் வெளுத்துப் போகுதுன்னா போன்ல தெரியற ஸ்கேட்டர் மேல விரலை அழுத்திப் பிடிச்சு, வெளிச்சத்தைக் கீழ இறக்குங்க.

அக்காமாருக்கு இன்னொண்ணு. முதல் வரிசைன்னா அன்னிக்கு மல்லிச்சரம் வேணாம், ஹேர்பின்னும் இறுக்கமா இருக்கட்டும். ஒரு இதழோ ஒரு பின்னோ ஐஸ்ல விழுந்து பிளேடுக்குக் கீழ சிக்கினாப் போதும், ஆடறவங்க ஓடற வேகத்துலயே சாய்வாங்க. ஜோடி ஆட்டத்துல ஒருத்தர் தலைக்கு மேல இன்னொருத்தர் இருக்கிற நேரமா இருந்தா ரெண்டு பேருக்கும் ஆபத்து. எதாவது விழுந்ததைப் பார்த்தீங்கன்னா நீங்களா எட்டி எடுக்காதீங்க, பக்கத்துல நிக்கிற ஊழியரைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டுங்க.