டோஸும் ‘அளவு’, மில்லியும் ‘அளவு’: வார்டுக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

செவிலியர் மருந்துக் கணக்குக்கான தமிழ்ச் சொற்கள் பற்றி நம் குழுவில் நடக்கும் உரையாடல் இழையைத் தொடர்ந்து படித்துவருகிறேன். மாணவிகளுக்குச் செய்முறைத் தேர்வு நடந்ததால் உடனே எழுத முடியவில்லை. வார்டிலும் வகுப்பறையிலுமாக 22 வருடம் இருந்தவள் நான். அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> டோஸ் என்பதற்கு ‘அளவு’ என்ற சொல்லே போதும். எல்லோருக்கும் புரிகிறதே.

போதாது ஐயா. எல்லோருக்கும் புரிகிறது என்பதுதான் சிக்கல். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்றாகப் புரிகிறது.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் நடந்ததைச் சொல்கிறேன். பத்து கிலோ எடையுள்ள குழந்தை, காய்ச்சலில் வலிப்பு. மருத்துவர் வலிப்பை நிறுத்தும் டயஸிபாம் 2 மில்லிகிராம் ஐ.வி., அதாவது நரம்பு வழியாக, போடச் சொன்னார். நான் குழந்தைக்கு ஆக்ஸிஜன் வைத்துக்கொண்டிருந்தேன். பயிற்சி மாணவி மருந்து டிரேயின் முன் நின்று, “சிஸ்டர், அளவு என்ன?” என்று கேட்டாள். நான் திரும்பிப் பார்க்காமலே “ரெண்டு” என்றேன். அவள் ஆம்ப்யூலை, அந்தச் சின்னக் கண்ணாடி மருந்துக் குப்பியை, உடைத்து, உள்ளே இருந்த 2 மில்லியையும் ஊசியில் எடுத்துவிட்டாள். டயஸிபாம் ஆம்ப்யூல் 2 மில்லி கொண்டது, அதில் இருப்பது 10 மில்லிகிராம். அந்தக் குழந்தைக்குப் போக வேண்டியது 0.4 மில்லிதான். ஐந்து மடங்கு மருந்து ஊசிக்குள் தயாராக இருந்தது. மூச்சு நின்றுபோகக்கூடிய மருந்து அது. பக்கத்தில் இருந்த மூத்த சிஸ்டர், “ஊசியையும் ஆம்ப்யூலையும் காட்டு” என்று கேட்டதால் குழந்தை தப்பியது.

அன்று அந்தப் பெண் கணக்கில் தவறவில்லை. கணக்கே போடவில்லை. அவள் ‘அளவு’ என்று கேட்டது மில்லியை, நான் சொன்னது மில்லிகிராமை. இருவரும் ஒரே சொல்லைத்தான் பேசினோம். ஆம்ப்யூலிலும் 2 என்ற எண் இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ‘அளவு’ என்ற சொல்லை வகுப்பில் தனியாகப் பயன்படுத்துவதை நான் நிறுத்தியது அந்த வாரத்தில்தான்.

> அப்படியானால் டோஸுக்கு ‘மருந்தளவு’, ஊசியில் எடுப்பதற்கு ‘கரைசலளவு’ என்று பிரித்துவிடலாமே?

தாளில் பிரியும். பேச்சில் பிரியாது. அவசரத்தில் எந்தக் கூட்டுச்சொல்லையும் நாம் முறித்துத்தான் பேசுவோம். மருந்தளவும் கரைசலளவும் மூன்றே நாளில் ‘அளவு’ ஆகிவிடும், மறுபடியும் அதே டிரே, அதே கேள்வி. ஆகவே இரண்டு சொற்களுக்கும் வால் ஒன்றாக இருக்கக் கூடாது. டோஸுக்கு ‘மருந்தளவு’ நிலைத்துவிட்டது, அச்சிலும் வருகிறது, அதை அசைக்க வேண்டாம். மற்றதற்கு ‘அளவு’ ஒட்டாத சொல் வேண்டும்.

என் பரிந்துரை: எடுப்பு.

மருத்துவர் எழுதுவது மருந்தளவு. அதைக் கொடுக்க நம் கை எடுப்பது எடுப்பு. “மருந்தளவு 2 மில்லிகிராம், எடுப்பு 0.4 மில்லி.” சொல்லிப் பாருங்கள், வாயில் நிற்கிறது. “மருந்தை எடு”, “எவ்வளவு எடுக்கணும்?” என்று வார்டில் நாள் முழுக்கப் பேசுகிறோம். அந்த வினையிலிருந்து வருவதால் யாருக்கும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. மாத்திரைக்கும் இது பொருந்தும். மருந்தளவு 500 மில்லிகிராம், கையில் இருப்பது 250 மில்லிகிராம் மாத்திரை என்றால் எடுப்பு 2 மாத்திரை. ‘கரைசலளவு’ இங்கே உதவாது.

> எடுத்தல் என்றால் நிறுத்தல், அதாவது எடைபோடுதல், என்று பொருள். எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்பது பழைய வழக்கு. மில்லியைக் குறிக்க ‘எடுப்பு’ என்றால் முகத்தலை எடுத்தல் என்று சொல்வதாகிவிடும்.

தமிழாசிரியர் ஐயா எழுப்பிய இந்தத் தடை என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. அவர் சொல்வது சரி. ‘எடை’ என்ற சொல்லே ‘எடு’ என்பதிலிருந்து வந்ததுதான். அந்த நால்வகை அளவையை என் வகுப்புக்கு நன்றியோடு எடுத்துக்கொள்கிறேன். மில்லிகிராம் நிறுத்தல், மில்லி முகத்தல், இன்சுலின் அலகும் மாத்திரையும் எண்ணல் என்று பிரித்துக் காட்டினால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். ஆனால் ‘முகத்தல்’ என்பதிலிருந்து சொல் செய்ய முயன்றால் வழி அடைபடுகிறது. ‘முகப்பு’ வீட்டின் முன்பக்கம் ஆகிவிட்டது, ‘முகவை’ இராமநாதபுரம் ஆகிவிட்டது. ‘முகத்தளவு’ என்றால் கண்ணாடிக்குப் போக வேண்டும். எடுத்தல் என்பதை நிறுத்தல் என்று இன்று யாரும் வாயால் சொல்வதில்லை. அந்தப் பொருளை ‘எடை’ முழுவதுமாக வாங்கிக்கொண்டது. அதனால் ‘எடுப்பு’ இப்போது காலியாக இருக்கும் வீடு என்றே நினைக்கிறேன். எடுப்பான நிறம், பாட்டின் எடுப்பு என்ற பொருள்கள் உண்டுதான். அவை மருந்து டிரேக்கு வரப்போவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சித்த மருத்துவத்தில் சூரணத்தை ‘வெருகடி’ என்று சொல்லிக் கொடுப்பார்கள். வெருகு என்றால் பூனை. விரல் நுனிகளைப் பூனைப் பாதம்போலக் குவித்து அள்ளுவது வெருகடி. ‘திரிகடி’ மூன்று விரலால் எடுப்பது. கை செய்யும் செயலே பெயர் ஆகியிருக்கிறது. ‘எடுப்பு’ அந்த வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

> டோஸுக்கு ‘மாத்திரை’யையே மீட்கலாம். எங்களிடம் உருண்டையாக விழுங்குவது குளிசைதான்.

யாழ்ப்பாணத்து நண்பர் எழுதியதைப் படித்தபோது ஆசையாகத்தான் இருந்தது. இலக்கணத்தில் மாத்திரை என்றால் அளவுதான். கண் இமைக்கும் நேரம் ஒரு மாத்திரை, குறிலுக்கு 1, நெடிலுக்கு 2. மருந்துக்கும் அந்தப் பெயர் வந்தது அளந்து கொடுப்பதால். உங்கள் ஊரில் குளிசை, பாணி என்று தனித்தனிச் சொற்கள் இருப்பதால் மாத்திரைக்கு இடம் இருக்கிறது. இங்கே தமிழ்நாட்டில் “ரெண்டு மாத்திரை” என்றால் பிள்ளை இரண்டு மாத்திரையைப் பிரித்துக் கையில் கொடுத்துவிடும். மனமில்லாமல்தான் வேண்டாம் என்கிறேன்.

அடுத்து, மருந்தில் எவ்வளவு வீரியம் இருக்கிறது என்பதைக் குறிக்கும் சொல். நோயாளிகள் ‘பவர்’ என்பார்கள், நாங்கள் ‘ஸ்ட்ரெங்த்’ என்போம். வேதியியல் பாடத்தில் ‘செறிவு’ இருக்கிறது, அதையே வைத்துக்கொள்வோம், விவாதம் தேவையில்லை. ஆனால் செறிவை எழுதும் முறை பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். லேபிளில் அது ஒரே மாதிரி இருப்பதில்லை. மக்னீசியம் சல்பேட் 50 சதவீதம் என்று போட்டிருக்கும். 100 மில்லியில் 50 கிராம், ஆக 2 மில்லி ஆம்ப்யூலில் 1 கிராம். பேறுகால வலிப்புக்கு நரம்பு வழியாக 4 கிராம் கொடுக்க வேண்டும் என்றால் நான்கு ஆம்ப்யூல், அதாவது 8 மில்லி எடுத்து, அதோடு 12 மில்லி சலைன் சேர்த்து, 20 மில்லி ஆக்குவோம். இப்போது செறிவு 20 சதவீதம். மருந்தளவு அதே 4 கிராம். செறிவு மாறியது, எடுப்பு 8 மில்லியிலிருந்து 20 மில்லி ஆனது, மருந்தளவு மட்டும் அசையவில்லை. மூன்று சொல்லும் தனித்தனியாக இருந்தால்தான் இந்த வாக்கியத்தையே எழுத முடிகிறது. பழைய ‘அளவு’ மட்டும் இருந்தால் “அளவு மாறியது, அளவு மாறவில்லை” என்று எழுதி மாணவியை அழவைத்திருப்பேன்.

கணக்கும் ஒரு வரியில் முடிகிறது: எடுப்பு = மருந்தளவு ÷ செறிவு. டயஸிபாம் 1 மில்லிக்கு 5 மில்லிகிராம், ஆகவே 2 ÷ 5 = 0.4 மில்லி. காய்ச்சல் மருந்திலும் இதே கதை. பத்து கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 15 வீதம் பாராசிட்டமால் 150 மில்லிகிராம். 5 மில்லியில் 125 இருக்கும் சிரப் என்றால் எடுப்பு 6 மில்லி, 5 மில்லியில் 250 என்றால் 3 மில்லி, சொட்டு மருந்தில் 1 மில்லிக்கே 100 என்றால் 1.5 மில்லி. அம்மாக்கள் போனில் “எவ்வளவு கொடுக்கணும்?” என்று கேட்கும்போது நான் முதலில் கேட்பது, “பாட்டிலில் என்ன போட்டிருக்கு, படிச்சுக் காட்டும்மா” என்பதைத்தான்.

> சுருக்கக் குறியீடுகளையும் இப்போதே முடிவு செய்துவிடலாம்: மி.கி., மி.லி.

தயவுசெய்து வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கி, லி இரண்டையும் பால்பாயிண்டில் அவசரமாக எழுதி, ஒரு மணி நேரம் கழித்து நீங்களே படித்துப் பாருங்கள். மக்கள் ‘மில்லி’ என்றாலே பால், மண்ணெண்ணெய், சிரப் என்று மில்லிலிட்டரைத்தான் நினைக்கிறார்கள். அதை அப்படியே விடுவோம்: மில்லிலிட்டருக்கு ‘மில்லி’, மற்றதற்கு முழுமையாக ‘மில்லிகிராம்’. மைக்ரோகிராமையும் முழுமையாகவே எழுத வேண்டும். ‘அலகு’ என்பதையும் சுருக்கக் கூடாது. ஆங்கிலத்தில் யூனிட்டுக்கு யூ மட்டும் போட்டு, அது பூஜ்யமாகப் படிக்கப்பட்டு, 4 அலகு 40 ஆகிவிடும் என்று எச்சரித்துத்தான் எங்களுக்குப் பாடமே தொடங்கும். இன்சுலினில் ஏற்கெனவே குழப்பம் போதும். இங்கே குப்பியில் 1 மில்லிக்கு 40 அலகு, அதற்குச் சிவப்பு மூடி ஊசி. 1 மில்லிக்கு 100 அலகு என்றால் ஆரஞ்சு மூடி ஊசி. 40 அலகுக் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி ஊசியில் 40 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 16 அலகுதான். புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் போட வேண்டும், 0.4 என்று. முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் பூஜ்யமும் போடக் கூடாது.

கடைசியாகச் சொட்டுக் கணக்கு.

> டிராப் ஃபேக்டருக்கு ‘துளிக்காரணி’, டிராப் ரேட்டுக்கு ‘துளிவீதம்’.

‘காரணி’ என்ற சொல் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதில்லை. நான் முதலில் ‘மில்லித்துளி’, ‘நிமிடத்துளி’ என்று இணையாக எழுதியிருந்தேன். ‘மில்லித்துளி’ என்றால் துளியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று படிக்க நேரும் என்று மருந்தாளுநர் நண்பர் சுட்டினார். உண்மை, அதைத் திரும்பப் பெறுகிறேன். சலைன் ஏற்றும் குழாயான ஐ.வி. செட்டின் உறையில், 1 மில்லிக்கு எத்தனை துளி என்று அச்சிட்டிருக்கும் எண் அது, செட்டோடு பிறந்தது. அணு எண் போல அதைத் துளியெண் என்போம். நாங்கள் பயன்படுத்தும் சாதாரண செட்டின் துளியெண் 20, மைக்ரோ செட்டின் துளியெண் 60. நிமிடத்துக்கு எத்தனை துளி விழ வேண்டும் என்று நம் கை திருப்பிச் சரிசெய்வது நிமிடத்துளி. இந்தச் சொல்லை மட்டும் விடமாட்டேன், ஏனென்றால் எதைப் பார்த்து எண்ண வேண்டும் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

500 மில்லி, 4 மணி நேரம், துளியெண் 20. 500 × 20 ÷ 240, ஏறக்குறைய 42. போன மாதம் ஒரு முதலாண்டுப் பெண் இதைச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடிகாரம் கட்டிய கையை, துளி விழும் சேம்பரின் பக்கத்தில் உயர்த்திப் பிடித்து, உதடு மட்டும் அசைய, 15 நொடிக்குப் பத்தா பதினொன்றா என்று எண்ணிவிட்டு, உருளையை நகத்தால் ஒரு இழை தள்ளி, மறுபடி எண்ணினாள். மூன்றாம் முறை வந்துவிட்டது. “நிமிடத்துளி நாற்பத்திரண்டு, சிஸ்டர்” என்றாள். துளிவீதம் என்று சொல்லியிருந்தால் “எதுக்கு எத்தனை?” என்று நான் திருப்பிக் கேட்டிருப்பேன்.

துளியெண்ணைப் பார்க்காமல் நிமிடத்துளியை வைப்பதுதான் பெரிய ஆபத்து. குழந்தைக்கு மணிக்கு 20 மில்லி என்றால் மைக்ரோ செட்டில் நிமிடத்துளி 20. யாரோ சாதாரண செட்டை மாட்டிவிட்டு அதே 20-ஐ வைத்தால் மணிக்கு 60 மில்லி ஓடும். ஆகவே என் மாணவிகள் குறிப்பேட்டில் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறார்கள்: துளியெண் 60, நிமிடத்துளி 20.

இன்னும் ஒன்றுக்கு எனக்குச் சொல் கிடைக்கவில்லை. பவுடராக வரும் ஆன்டிபயாடிக் குப்பியில் நீர் விட்டுக் கலக்குவது ஒன்று, கலக்கிய மருந்தை மறுபடி சலைனில் சேர்த்து மெலிதாக்குவது இன்னொன்று. வார்டில் இரண்டையும் ‘டைல்யூட் பண்ணு’ என்றே சொல்கிறோம். இரண்டாவதற்கு இங்கே ‘நீர்த்தல்’ உண்டு, இலங்கைப் பாடநூல்களில் ‘ஐதாக்கல்’ உண்டு. முதலாவதற்கு ‘கரைத்தல்’ என்று மட்டும் சொன்னால் போதுமா, வேறு சொல் வேண்டுமா? யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தாதியராக இருக்கும் நண்பர்கள் வார்டில் வாயால் என்ன சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள். பாடநூலில் இருப்பதைவிட எனக்கு அதுதான் வேண்டும். அடுத்த தொகுதி மாணவிகளுக்கான குறிப்பேடு அச்சுக்குப் போவதற்குள் கிடைத்தால் சேர்த்துவிடுவேன்.

அன்புடன்,
ஒரு செவிலிய ஆசிரியை