பித்தளைக் கம்பியில் என்ன சங்கீதம்? (மெலோட்டி பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்)

கிட்டப்பார்வை:
கும்பகோணம் பக்கம் பதினெட்டு வருடமாகப் பித்தளைப் பட்டறை வைத்திருக்கிறேன். மகள் போனில் ஒரு படம் காட்டினாள். ஃபௌஸ்டோ மெலோட்டி என்ற இத்தாலியர் செய்த சிற்பமாம். நாலைந்து மெல்லிய கம்பிகள், ஒரு சட்டம், அதில் தொங்கும் சின்னத் தகடுகள், அவ்வளவுதான். தலைப்பு 'கான்ட்ரப்புன்டோ'. அது இசைச் சொல் என்கிறாள். கம்பி வேலை எனக்குப் புரிகிறது, இசை எங்கே இருக்கிறது என்றுதான் புரியவில்லை. சும்மா பேருக்கு வைத்த பெயரா? அந்த ஆள் ஆயுசு முழுக்க இதைத்தான் செய்தாரா?

ஓம்விதி:
பேருக்கு வைத்ததில்லை அண்ணே. பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் மின்பொறியியல் படித்துவிட்டு பியானோ பக்கம் ஒதுங்கியவன். அதனால் இவர் மேல் ஒரு தனிப் பாசம்.

மெலோட்டி 1901-ல், இன்று இத்தாலியில் இருக்கும் ரொவெரேத்தோ என்ற சிற்றூரில் பிறந்தார். அப்போது அந்த ஊர் ஆஸ்திரியா-ஹங்கேரி ஆட்சியில் இருந்தது. மிலான் பாலிடெக்னிக்கில் 1924-ல் மின்பொறியியல் பட்டம் வாங்கினார். பியானோவும் முறையாகக் கற்றவர். 1928-ல் மிலானின் பிரேரா கலைக்கழகத்தில் அடோல்ஃபோ வில்ட் என்ற சிற்பியிடம் சேர்ந்தார். கூடப் படித்தவர் லூச்சியோ ஃபொன்டானா, பின்னாளில் கான்வாஸைக் கத்தியால் கீறிப் பேர் வாங்கியவர்.

இப்போது கான்ட்ரப்புன்டோவுக்கு வருவோம். நம் கச்சேரியில் பாடுகிறவர் போகிற வழியிலேயே வயலினும் பின்னால் வரும். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் 'ஃபியூக்' என்ற வகைப் பியானோ இசையில் அப்படி இல்லை. ஒரு கை ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பும். கொஞ்சம் தள்ளி மறு கை அதே மெட்டை வேறு இடத்தில் தொடங்கும். முதல் கை அதற்குள் வேறு எங்கோ போயிருக்கும். இரண்டும் தன் தன் வழியில் போகும், ஆனாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும். அதற்குத்தான் அந்தப் பெயர். படத்தை மறுபடி பாருங்கள். கம்பியைப் பார்க்காதீர்கள், கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் இருக்கும் காலியிடத்தைப் பாருங்கள்.

1935-ல் மிலானின் 'இல் மிலியோனே' கேலரியில் தனிக் கண்காட்சி வைத்தபோது மெலோட்டியே இதை எழுதினார்: முக்கியம் 'மொதெல்லாட்சியோனே' இல்லை, 'மொதுலாட்சியோனே'. முன்னது மண்ணைப் பிசைந்து உருவம் பிடிப்பது. பின்னது அளவையும் ஒழுங்கையும் வைத்து நகர்த்துவது. காதில் ஏறக்குறைய ஒன்றாக விழும் இரண்டு சொற்களை வைத்தே தன் கட்சியைச் சொல்லிவிட்டார், கெட்டிக்காரர்.

ஆனால் யார் கேட்டார்கள்? இத்தாலியில் அந்தக் கண்காட்சியை ஏறக்குறைய யாரும் கண்டுகொள்ளவில்லை. 1943 குண்டுவீச்சில் மிலான் பட்டறையும் போனது.

ரொவெரேத்தோவின் மார்ட் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போயிருந்தேன். ஒரு கம்பிச் சிற்பத்தின் முன் குனிந்து மூச்சு விட்டதில் தொங்கிய தகடு லேசாக அசைந்தது. காவலர் முறைத்தார். அது அசைந்து அடங்குகிற வரை நான் நகரவில்லை.

சூளைமேடு:
ஓம்விதி, இசை இசை என்று பேசிச் சூளையைத் தாண்டிப் போய்விட்டீர்கள்! பட்டறை போனபின் அவர் குடும்பம் எதில் சாப்பிட்டது? பீங்கானில். குவளை, கிண்ணம், சுவர் ஓடு என்று வருடக்கணக்கில் சுட்டுத் தள்ளினார். கட்டடக் கலைஞர் ஜியோ பொன்ட்டி வெனிசுலாவின் கரகாஸில் கட்டிய வில்லா பிளாஞ்சார்ட் வீட்டிலும் அவர் கை வேலை இருக்கிறது. அதைப் பிழைப்பாகத்தான் அவரே நினைத்தார் என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 'தேயாத்ரீனி' (குட்டி நாடக மேடைகள்) என்று சின்னச் சின்ன மண் பெட்டிகள் செய்தாரே, அதைத் தேடிப் பாருங்கள். பெட்டிக்குள் அறைகள், அறைக்குள் துக்கடா துக்கடாவாக உருவங்கள், பாதி மேடை வெறும் காலி. கம்பியில் பின்னால் செய்ததை மண்ணில் முதலிலேயே செய்துவிட்டார் என்பேன்.

அண்ணன் கேட்டதற்கு நேர் பதில்: ஆயுசு முழுக்க இல்லை. 1967-ல் மிலான் டொனினெல்லி கேலரியில் கண்காட்சி வைத்தபோது வயது 66. அதற்குப் பிறகுதான் ஊர் உலகம் அவரைச் சிற்பி என்று திரும்பிப் பார்த்தது. 1986-ல் இறந்தார். அதே வருடம் வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சி தங்கச் சிங்கம் விருது கொடுத்தது, வாங்க ஆள் இல்லாத நேரத்தில்.

மேல்ஸ்தாயி:
யாரும் சொல்லவில்லையே! 1960-ல் வார்சாவின் ஷோப்பான் போட்டியில் முதல் பரிசு வாங்கிய பியானோக் கலைஞர் மௌரிட்சியோ போல்லினிக்கு மெலோட்டி தாய்மாமன். மௌரிட்சியோவின் அப்பா ஜினோ போல்லினி கட்டடக் கலைஞர். வீட்டிலேயே பியானோ, வரைபடம், சிற்பம் மூன்றும் இருந்திருக்கிறது.

கிட்டப்பார்வை:
எல்லாருக்கும் நன்றி. படத்தைப் பெரிதாக்கி ஸ்கேல் வைத்து அளந்தேன். மூன்று இடைவெளி ஒன்றுபோல, நாலாவது மட்டும் பாதி. நம் பட்டறைப் பையன் இப்படிச் செய்திருந்தால் அளவு தப்பிவிட்டது என்று திட்டியிருப்பேன். அந்த நாலாவதை மறைத்துவிட்டுப் பார்த்தேன், வெறும் ஜன்னல் கம்பி மாதிரி ஆகிவிட்டது. இன்னொரு சந்தேகம்: கம்பிகள் சேருமிடத்தில் பற்றவைத்த பற்றாசு உருண்டு நிற்கிறது. அரம் போடாமல் விட்டது வேண்டுமென்றேவா?

ஓம்விதி:
நான் நேரில் பார்த்தவற்றிலும் அப்படித்தான் நின்றது அண்ணே. அதை நான் கவனித்ததாகவே நினைக்கவில்லை, நீங்கள் கேட்டபின்தான் கண்ணுக்குள் வருகிறது. அடுத்த முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு கிட்டப் போய்ப் பார்க்கிறேன்.