அலையடிக்கும் பார்டர்: தவறு யாருடையது?

கேள்வி | ஒஹாயோ அடித்தளம்

வீட்டின் அடித்தளத்தில் லாங்ஆர்ம் இயந்திரம் (குவில்ட்டைச் சட்டத்தில் மாட்டித் தைக்கும் பெரிய தையல் இயந்திரம்) போட்டிருக்கிறேன். மற்றவர்கள் ஒட்டுப்போட்டுத் தைத்துக் கொண்டுவரும் குவில்ட் மேல்துணியை, பஞ்சும் பின்துணியும் சேர்த்துத் தையல் அடித்துக் கொடுப்பது என் தொழில். இது நான்காவது வருடம். சதுர அங்குலத்துக்கு 2.5 சென்ட் வாங்குகிறேன்.

சென்ற மாதம் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மையார் 80க்கு 96 அங்குலத்தில் ஒரு மேல்துணி கொண்டுவந்தார். நடுவிலிருந்த நட்சத்திரக் கட்டங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முனையோடு முனை பொருந்தி உட்கார்ந்திருந்தன. ஆனால் மேசைமேல் விரித்ததும் பார்டர் பொரித்த அப்பளம்போல் நெளிந்தது. சொன்னேன். "அதெல்லாம் நீங்கள் அடிக்கும்போது அமுங்கிவிடும்" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன்.

இயந்திரத்தின் லேசர் புள்ளியைத் தாளில் வரைந்த மாதிரியின்மேல் ஓட்டி, ஓரம் முதல் ஓரம்வரை இலைக்கொடி அடித்தேன். கடைசி மூலையில் இரண்டு மடிப்புகள் தையலுக்குள் சிக்கிக்கொண்டன. ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தின் அகலம். சட்டத்திலிருந்து இறக்கிய பிறகுதான் கண்ணில் பட்டது.

இயந்திரக் கோளாறு என்கிறார் அவர். 192 டாலரில் பாதியைத் திருப்பிக் கேட்கிறார். கொடுத்து முடித்துவிடுவதா, பிரித்துத் தைப்பதா? கணவரிடம் காட்டினேன், "மடிப்பா? அது டிசைன் என்றல்லவா நினைத்தேன்" என்கிறார். தொழில் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில் | மெல்பர்ன் பாபின்

பிரித்துவிடுங்கள். பணத்தைக் கொடுத்தாலும் அந்த மடிப்பு அவர் கட்டிலில்தான் கிடக்கப்போகிறது. பார்ப்பவர்கள் யார் அடித்தது என்று கேட்டால் உங்கள் பெயரைத்தான் சொல்வார்.

முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை. மூலையைச் சுற்றி இரண்டடி போதும். பின்பக்கத்தில் நான்கைந்து தையலுக்கு ஒன்றாக அறுத்துக்கொண்டே வாருங்கள்; முன்பக்க நூல் நீளமாக உருவிக்கொண்டு வரும். ஒரு மாலை வேலை.

பதில் | ஹூஸ்டன் தறிக்காரி

பாதித் தவறு உங்களுடையது. தையலில் அல்ல, தலையாட்டியதில்.

டேப் வைத்து அளந்தீர்களா? நீளவாக்கில் நடுவில் ஒரு முறை, இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொரு முறை. நடுவில் 96 இருந்து ஓரத்தில் 99 வந்தால், கூடுதலாக உள்ள மூன்று அங்குலத் துணி எங்கே போகும்? ஊசி துணியைத் தின்பதில்லை.

இந்த நெளிவு எப்படி வருகிறதென்றால், பார்டருக்கான நீளமான பட்டையை அளக்காமல் ஓரத்தில் வைத்துத் தைத்துக்கொண்டே போய், முடிந்த இடத்தில் கத்தரித்துவிடுவார்கள். வீட்டுத் தையல் இயந்திரத்தின் அடியிலிருக்கும் பற்கள் கீழ்த்துணியை இழுக்கும். மேலே இருப்பதை அழுத்துகால் பிடித்து நிறுத்தும். இரண்டு துணியும் ஒரே வேகத்தில் போகாது. போதாததற்குக் கையும் இழுக்கும். சரியான வழி, நடுவில் அளந்த நீளத்துக்கே இரண்டு பட்டைகளை வெட்டி, முனை, பாதி, கால் என்று குண்டூசி குத்தி, அதற்குள் துணியை அடக்கித் தைப்பது. பலருக்குப் பொறுமை நட்சத்திரங்களோடு தீர்ந்துவிடுகிறது.

மடிப்பு ஏன் கடைசி மூலையில் விழுந்தது தெரியுமா? வரிசைக்கு வரிசை மிச்சத்துணி முன்னால் தள்ளப்பட்டுக்கொண்டே வந்து, போக இடமில்லாத மூலையில் சேர்ந்துவிட்டது. தாள் மாதிரி பார்த்து அடிக்கும்போது நாம் பின்பக்கம் நிற்கிறோம். கண் லேசர் புள்ளியில் இருக்கிறது. முன்னால் ஊசி எதைத் தள்ளிக்கொண்டு போகிறது என்று தெரிவதில்லை.

அடுத்த முறை மேல்துணியின் கீழ்முனையைச் சட்டத்தின் உருளையில் குத்தாமல் தளர்வாக மிதக்க விடுங்கள். பின்துணியில் 24 அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டு, பார்டரின் கால்பங்குகளை அந்தக் கோடுகளில் பொருத்துங்கள். ஒவ்வொரு முறை உருட்டும்போதும் பக்க ஓரங்களை முதலில் ஓட்டுத்தையல் போட்டுப் பிடித்துவிட வேண்டும். அப்போது மிச்சம் ஒரே இடத்தில் சேராமல் பரவும். பருத்திப் பஞ்சைவிடக் கம்பளிப் பஞ்சு உப்பலானது, கொஞ்சம் தளர்வை வாங்கிக்கொள்ளும். பார்டருக்கு நீண்ட கொடி வேண்டாம். நெருக்கமான சிறு சுழிகள் போதும்.

இதெல்லாம் மிச்சத்துணி ஒன்றரை, இரண்டு அங்குலம்வரை இருந்தால்தான். அதற்குமேல் என்றால் நான் சட்டத்தில் ஏற்றுவதே இல்லை. ஒரு முறை நாலரை அங்குலம் அதிகமாக ஒன்று வந்தது. பார்டரைப் பிரித்துக் கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்பினேன். அந்த அம்மாள் பிறகு வரவே இல்லை. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

பதில் | ஸ்கார்பரோ ஊசி

பின்துணி என்ன போட்டிருந்தார்? படுக்கை விரிப்பைப் பின்துணியாகக் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். இழை நெருக்கம் அதிகம், ஊசி நுழையும் இடமெல்லாம் பொத்தல் தெரியும். பிரித்தால் இன்னும் தெரியும். அதைப் பார்த்துவிட்டுப் பிரியுங்கள்.

கேட்டவர் | ஒஹாயோ அடித்தளம்

நல்ல வேளை, சாதாரணக் குவில்ட் பருத்திதான். மூலையைப் பிரித்தேன். இரண்டு மாலைகள் ஆயின. ஊசித் துளைகள்மேல் தண்ணீர் தெளித்து விரலால் தேய்த்ததும் பெரும்பாலும் மூடிக்கொண்டன. மிச்சத்துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பி, சிறு சுழிகளாக அடித்தேன். உற்றுப் பார்த்தால் அந்த மூலை மட்டும் சற்று உப்பலாகத் தெரியும்.

அவர் வந்தபோது வாதம் செய்யவில்லை. டேப்பின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்தேன். நடுவில் 96. ஓரத்துக்குப் போனோம். 98¾. அவரே இன்னொரு முறை அளந்தார், அதே கணக்கு. "என் அம்மா இப்படித்தான் தைப்பார்" என்று மட்டும் சொன்னார். பணம் திருப்பிக் கேட்கவில்லை. பிரித்த வேலைக்கு நானும் கேட்கவில்லை.

நேற்று அடுத்த மேல்துணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பார்டர் தைக்கப்படவில்லை. நாலு கஜம் நீலத்துணி மடித்தபடி மேலே இருக்கிறது; "நீங்களே அளந்து தைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு சீட்டு. பார்டர் தைக்க நீங்களெல்லாம் எவ்வளவு வாங்குகிறீர்கள்? மணிக்கணக்கா, அங்குலக் கணக்கா?